போனில் நீ கேட்டதற்குப் பதில்

அன்புள்ள அக்கா,

நான் நலம். வேலை, வீடு எல்லாம் ஒழுங்காகப் போகிறது. மாமாவையும் குட்டியையும் கேட்டதாகச் சொல்.

"முன்பெல்லாம் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டாய், இப்போது நீயாகவே கூப்பிட்டுப் பேசுகிறாயே, என்னடா ஆச்சு?" என்று கேட்டாயே. பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் மழுப்பிவிட்டேன். விவரமாகவே எழுதுகிறேன்.

ஆட்களோடு பேசவே எனக்குப் பயம். ஊரில் இருந்தவரை அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. எங்காவது பேச வேண்டியிருந்தால் நீ வருவாய், இல்லையென்றால் அப்பா பேசிவிடுவார். இங்கே எனக்காகப் பேச ஆள் கிடையாது. குளியலறைக் குழாய் ஒழுகியது. வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டால் தீர்ந்தது. அதைச் செய்யாமல் வாளியை வைத்து வாரக்கணக்கில் ஓட்டினேன்.

ஆபீஸில் இன்னும் மோசம். புதிதாக ஒருவர் சேர்ந்தால் எல்லாரும் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பெயரும் வேலையும் சொல்ல வேண்டும். என் முறை நெருங்க நெருங்க நெஞ்சு அடிக்கிற அடி அடுத்த நாற்காலிக்குக் கேட்டுவிடும் போலிருக்கும். முன்னால் பேசியவர்களின் பெயர் ஒன்றுகூடக் காதில் விழாது, என் இரண்டு வரியையே உள்ளுக்குள் உருட்டிக்கொண்டிருப்பேன். கை நடுங்குவது தெரியாமலிருக்கக் கோப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பேன். இரவு படுத்ததும் போஸ்ட்மார்ட்டம் தொடங்கும்: அதை ஏன் சொன்னேன், அவர் ஏன் அப்படிப் பார்த்தார் என்று விடியும்வரை.

தூக்கம் வரவில்லை என்றுதான் டாக்டரிடம் போனேன். அவர் ஒரு உளவியலாளரிடம் அனுப்பினார். சமூகப் பதற்றக் கோளாறு என்றார் அந்த அம்மா. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1980இலேயே இடம்பிடித்த நோயாம். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்குமாம். நான் பள்ளியில் வாசிக்க எழுந்து நிற்கவே பயந்தது உனக்கு நினைவிருக்கும்.

சிகிச்சையில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995இல் எழுதியது. பயம் வந்ததும் நம் கவனம் முழுக்க நம்மேலேயே திரும்பிவிடுகிறது. உள்ளே படபடப்பதை வைத்து வெளியேயும் அப்படித்தான் தெரிகிறோம் என்று முடிவு கட்டுகிறோம். கோப்பையை இறுக்குவது, கண்ணைப் பார்க்காதது, வேகமாகப் பேசி முடிப்பது என்று நாம் செய்யும் தற்காப்பு வேலைகள்தான் பயத்தை அணையாமல் வைத்திருக்கின்றன. ஒன்றும் ஆகவில்லை என்றாலும் 'இறுக்கிப் பிடித்ததால் தப்பித்தேன்' என்றே மனசு கணக்கு எழுதும். கையை இறுக்கினால் நடுக்கம் கூடத்தான் செய்யும் என்பது வேறு விஷயம்.

என் உளவியலாளர் இதை வாயால் சொன்னதோடு விடவில்லை. முன்பின் தெரியாத ஒருவரோடு இரண்டு தடவை பேச வைத்து வீடியோ எடுத்தார். முதல் தடவை என் தந்திரங்கள் எல்லாவற்றோடும், அடுத்து அவற்றை விட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டபடி. வீடியோவில் என்ன தெரியும் என்று முன்கூட்டியே எழுதச் சொன்னார். முகம் சிவந்து, குரல் உடைந்து, வியர்த்து என்றெல்லாம் எழுதினேன். பார்த்தால், முதல் வீடியோவில் ஒரு சிடுமூஞ்சி ஆள், இரண்டாவதில் ஒரு சாதாரண ஆள். அவ்வளவுதான். அந்தச் சிடுமூஞ்சிக்குக் காரணமே என் தந்திரங்கள்.

2000இல் வெளிவந்த ஒரு ஆய்வையும் சொன்னார். சங்கடமான படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்குப் போட்டுவிட்டு, ஆட்கள் இருக்கும் அறைக்குள் ஒவ்வொருவராக அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அதைப் போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான்.

அப்புறம் வெளியே போய்ச் செய்கிற பயிற்சிகள். தெரியாதவரிடம் வழி கேட்பது, பேச்சின் நடுவே வேண்டுமென்றே சில நொடி நிறுத்துவது, கூட்டத்தில் பேனாவைக் கீழே போடுவது. எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று நோட்டில் எழுதுவேன். பேனா விழுந்ததும் ஒரு பெரியவர் எடுத்துக் கொடுத்துவிட்டு நடந்துகொண்டே போனார், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'தைரியமாக இரு', 'கண்ணாடி முன் பேசிப் பழகு' என்று சொல்கிறவர்களை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. ஏற்கெனவே தன்னையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்குக் கண்ணாடி வேறா!

மாத்திரையும் உண்டு. மனச்சோர்வுக்குத் தருகிற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகளை இதற்கும் தருவார்கள், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். எனக்குத் தேவைப்படவில்லை.

முழுக்கப் போய்விட்டதா என்றால் இல்லை. பெரிய விருந்துகளில் இன்னமும் வாசலைப் பார்த்தே நிற்கிறேன். ஆனால் போகிறேன். மீட்டிங்கில் மற்றவர்கள் பெயர் காதில் விழுகிறது. குழாயும் சரியாகிவிட்டது.

குட்டி ஆட்களைக் கண்டால் உன் பின்னால் ஒளிகிறாள் என்றாயே. அந்த வயதில் கூச்சம் சகஜம், அதற்குள் நோய் அது இது என்று கவலைப்படாதே. யாராவது அவள் பெயரைக் கேட்டால் மட்டும் நீ முந்திக்கொண்டு சொல்லாதே, கொஞ்சம் பொறு. முன்னால் தள்ளி அதட்டவும் வேண்டாம். 'இவள் வாயே திறக்க மாட்டாள்' என்று அவள் காதுபட யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள், அத்தை உட்பட.

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டு. நோய் என்றதுமே பதறிவிடுவார். அதனால் மாத்திரை தேவைப்படவில்லை என்கிற பத்தியை முதலில் படி.

அன்புடன்,
உன் தம்பி