கொடைக்கானலில் சுற்றுப் பேருந்து வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மலையின் தாங்குதிறனைக் கருதி எடுக்கப்பட்ட அம்முடிவை நான் முழுமனதுடன் வரவேற்கிறேன். ஆனால், காரை வீட்டிலேயே விட்டுவிட்டு அரசுப் பேருந்தில் மலையேறி வருபவருக்கு, மேலே இறங்கியபின் ஊரைச் சுற்றிப் பார்க்க எளிய வழி அமைய வேண்டாமா?

சென்ற கோடையில் எழுபது வயதைக் கடந்த என் தாயாருடன் அங்கு சென்றிருந்தேன். ஏரியும் பிரையண்ட் பூங்காவும் கோக்கர்ஸ் வாக்கும் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. எனினும் ஏற்ற இறக்கமான சாலையில், பல இடங்களில் நடைபாதையே இல்லாமல், வாகனங்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி அவர் நடந்தது எனக்கு மிகுந்த வேதனையளித்தது. ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள தூண் பாறைக்கு மட்டும் போய்வர விரும்பினோம். நாங்கள் அணுகிய வாடகைக் கார் ஓட்டுநர்களோ பத்துப் பன்னிரண்டு இடங்களைச் சேர்த்து, முழுத் தொகையும் தந்தால்தான் வருவோம் என்றனர். அவர்களுக்கும் சீசன் வருமானமே பிழைப்பு என்பதை நான் மறுக்கவில்லை.

பேருந்து நிலையம், ஏரி, குறிஞ்சி ஆண்டவர் கோயில், தூண் பாறை ஆகியவற்றை இணைத்து, ஒரே பயணச்சீட்டில் நாள் முழுவதும் ஏறி இறங்கும் வகையில் சிற்றுந்துகளை ஆண்டு முழுவதும் இயக்கவும், வாடகைக் கார்களுக்கு இடவாரியான கட்டணப் பட்டியலைப் பேருந்து நிலையத்தில் தமிழில் வைக்கவும் அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை