நெல்லைப் பட்டறைகளுக்கு ஒரு மடல்: மாற்றும் முன் அளந்து பாருங்கள்

திருநெல்வேலி வட்டாரத்தில் பிக்கப் வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் வணக்கம்.

களக்காடு, மணிமுத்தாறு பக்கத்து மலையடிவாரத் தோட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பாதை சேறாகிவிட்டால், ஃபோர் வீல் (நான்கு சக்கரங்களும் இழுக்கும் இயக்கம்) விழாத வண்டி ஏற்றிய வாழைத்தார்களோடு அங்கேயே நின்றுவிடும். என் வண்டியிலும் அப்படித்தான் ஆயிற்று. ஃபோர் வீலுக்கு மாற்றும் குமிழைத் திருப்பினால் ஃபோர் ஹை (ஃபோர் வீலின் வேகமான நிலை) விளக்கு விட்டுவிட்டு எரிந்ததே தவிர, முன்சக்கரங்கள் இழுக்கவில்லை. முதலில் பார்த்த பட்டறையில், வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பாராமல், முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்றியாக வேண்டும் என்றார்கள். வேறொரு மெக்கானிக் அந்த கேஸுக்குள் நிலையை மாற்றும் ஷிப்ட் மோட்டாருக்குப் போகும் கனெக்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே செம்மண் தண்ணீர் கசிந்து, ஒரு மின் முள்ளைச் (பின்) சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அந்த முள்ளை மாற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் சீலைப் புதிதாகப் போட்டதும் விளக்கு நிலையாக எரிந்தது.

விளக்கு மின்னுகிறது என்றால், கேட்ட நிலைக்கு மாற்றம் முழுமையாகவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். கியர் உடைந்துவிட்டது என்று அது சொல்வதில்லை. பெரும்பாலான வண்டிகளில் ஃபோர் லோவுக்கு (மெதுவான, அதிக இழுவை தரும் நிலை) மாற்ற, வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்தாக வேண்டும். ஓட்டத்தில் திருப்பினால் கட்டுப்பாட்டு யூனிட் மறுத்துவிடும். ஆகவே ஓட்டுநர் என்ன செய்தார் என்று முதலில் கேளுங்கள். பிறகு பேட்டரி, பியூஸ், ரிலே, எர்த் ஆகியவற்றைப் பார்த்து, கட்டுப்பாட்டு யூனிட்டில் பதிவாகியிருக்கும் பழுதுக் குறியீட்டை (கோட்) ஸ்கேனரில் படியுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கனெக்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு மீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறது என்பதால் ஒயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே ஓர் இழை மிச்சமிருக்கும் ஒயரும் மின்சுமையில்லாதபோது அதே 12 வோல்ட்டைக் காட்டும், மோட்டார் மின்சாரத்தை இழுக்கும் நொடியில்தான் அது சரிந்து விழும். கனெக்டர் மாட்டியிருக்கும்போதே, ஒருவர் குமிழைத் திருப்ப, மற்றவர் பின்பக்கமாக மீட்டர் முனையை வைத்து அளக்க வேண்டும். சுமையிலும் வோல்ட் குறையாமல் வந்து மோட்டார் சுழலவில்லையென்றால் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். மோட்டார் சுழன்றும் விளக்கு மின்னினால், நிலை காட்டும் சென்சாரையும், முன் ஆக்ஸிலை இணைக்கும் அமைப்பையும் பாருங்கள். அந்த அமைப்பு வேக்குவத்தில் (காற்றை உறிஞ்சும் விசையில்) இயங்கும் வண்டிகளில் விரிசல் விட்ட ஒரு ரப்பர் குழாய் போதும், முன்சக்கரங்களுக்கு இழுவை போகாது. நான்கு டயர்களும் ஒரே அளவில் இல்லாவிட்டாலும் மாற்றம் சிக்கிக்கொள்ளும்.

எங்கள் கோரிக்கை இதுதான்: ஒரு பாகத்தை மாற்றச் சொல்லும்போது, ஸ்கேனர் காட்டிய பழுதுக் குறியீட்டையும் சுமையில் அளந்த வோல்ட்டையும் பில்லில் எழுதித் தாருங்கள், கழற்றிய பழைய பாகத்தையும் கையில் கொடுங்கள். அளந்து பார்க்கும் நேரத்துக்குத் தனிக் கூலி கேளுங்கள், மனதாரத் தருவோம்.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரம் பக்கத்து வாழை விவசாயி ஒருவர்