வர்ணம் அப்புறம் அடிக்கலாம், முதலில் வடிகாலை முடித்துக் கொடுங்கள்

எங்கள் ஊராட்சியின் தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். மேலிடத்திலிருந்து பார்க்க வருகிறார்கள், அதற்குள் சுவர் ஓவியங்களுக்கு மறுபடி வர்ணம் அடித்து வையுங்கள் என்று போன வாரம் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். எங்கள் ஊர்ப் படங்களை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று நினைத்ததற்கு நன்றி. ஆனால் அந்தத் தெருவில் இப்போது வர்ணம் நிற்காது. காரணம் தங்களுக்குத் தெரிந்ததுதான். கான்கிரீட் வடிகால் ஓடைப் பள்ளம் வரைக்கும் போகாமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டது.

மாரியம்மன் நோம்பியில் மிஞ்சிய பணத்தில், பனியன் கம்பெனிக்குப் போகிற பையன்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரைந்த படங்கள் அவை. கவலை பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற எருதுகள், வள்ளி கும்மி ஆடுகிற பெண்கள், கிளுவை வேலி போட்ட கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மேய்கிற மாடுகள். கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் குடும்பத்தோடு வந்து பார்க்கிறார்கள். அந்த முனைக்கு வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

முனை வீட்டு ஆத்தாவின் சுவரில்தான் காங்கேயம் காளை இருக்கிறது. கொம்பும் திமிலும் அப்படியே இருக்க, நாலு காலும் முழங்கால் வரை உதிர்ந்துவிட்டன. மண் சாந்து வைத்துக் கட்டிய பழைய செங்கல் சுவர், ஓரத்தில் தேங்கிய சாக்கடையை உறிஞ்சுகிறது. மேலே எமல்ஷன் இருப்பதால் ஈரம் வெளியேற வழியில்லை. உள்ளேயே உப்புப் பூத்து வர்ணத்தைச் சில்லுச் சில்லாகத் தள்ளுகிறது. விரல் பட்டால் காரையே கையோடு வருகிறது. அந்தச் சுவரின் உள்பக்கம் ஒட்டித்தான் ஆத்தாவின் கட்டில். விடிந்ததும் வாசலுக்கு வந்து, சாக்கடையை மக்கில் மொண்டு வாளியில் ஊற்றி, ரோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டுகிறார். மழை பெய்தால் படுக்கை பக்கத்து வீட்டுத் திண்ணையில். எழுபது வயது தாண்டிய மனுஷி அய்யா! காளையின் கால் போனதைக் கவனித்தவர்களுக்கு இந்தக் கட்டில் ஏன் கண்ணில் படவில்லை?

மனு கொடுத்தோம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் எழுதினார்கள். அக்டோபர் 2-லும் அதையே எழுதினார்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்துபோனது. தலைவர் இருந்தவரை வீட்டு வாசலுக்கே போய்க் கேட்போம், சண்டையும் போடுவோம். இப்போது கேட்க ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. எங்களுக்கு ஓட்டுப் போடும் உரிமையை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்டால், அது தங்கள் கையில் இல்லை என்பீர்கள். சரி. வடிகால் தங்கள் கையில்தானே இருக்கிறது?

பணிவோடு கேட்கிறோம். விடுபட்ட வடிகாலை முடித்துக் கொடுங்கள். சாக்கடையை அப்படியே பள்ளத்தில் விடாமல் கடைசியில் உறிஞ்சு குழி வைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. வேலை எப்போது தொடங்கும் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். சுவர் ஒரு கோடை காயட்டும். பழைய காரையைச் சுரண்டி, சுண்ணாம்புப் பூச்சுப் பூசி, காளையை நாங்களே முழுசாக வரைகிறோம். செலவும் ஊருடையது.

பார்க்க வருகிறவர்கள் அதற்கு முன்பே வந்தாலும் வரட்டும். அந்த முனைக்கும் கூட்டிக்கொண்டு போவோம்.

இப்படிக்கு,
அதே தெருவில் குடியிருக்கும் ஒருத்தி