டஸ்டர் தட்டும் பிள்ளை

உசிலம்பட்டி,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய கேள்வித்தாளில் எழுத்துப்பிழை பார்த்துவிட்டேன். ஐந்தாறுதான் இருந்தன. ஆனால் வேறொன்று உறுத்தியது. வீசிங் உள்ள பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சி, கேள்வியில் முக்கால்வாசி அம்மாவுக்கும் டீச்சருக்கும். பிள்ளையிடம் கேட்பது ராத்திரி இருமுமா, ஓடினால் மூச்சு வாங்குமா என்பதோடு சரி.

சாயங்காலம் என்னிடம் கணக்குப் போட வரும் பிள்ளைகளுக்கு அதை வாசித்துக் காட்டினேன். ஆறாவது படிக்கும் ஒருத்திக்கு வீசிங் உண்டு. விறகடுப்பா, கொசுவத்தி கொளுத்துவீர்களா, வீட்டில் யாராவது பீடி குடிப்பார்களா என்பது வரை பேசாமல் கேட்டாள். அப்புறம், "டீச்சர், டஸ்டர் தட்டுறதப் பத்தி ஒண்ணுமே இல்லையே" என்றாள். முதல் பெஞ்சில் இருப்பவர்தான் போர்டை அழித்து, டஸ்டரை வெளிச்சுவரில் தட்டிக்கொண்டு வரவேண்டுமாம். அந்த நாளெல்லாம் அவளுக்கு நெஞ்சு அடைக்கிறதாம்.

31 வருடம் சாக்பீஸ் பிடித்தவள் நான். எத்தனை பிள்ளைகளிடம் அந்த டஸ்டரை நீட்டியிருப்பேன்! எனக்கே தோன்றாத கேள்வி உன் ஆராய்ச்சி கைடுக்கு எங்கிருந்து தோன்றும்?

நீ மூன்றாவது படிக்கும்போது உன் கையெழுத்து திடீரென்று கோணிப்போனது ஞாபகம் இருக்கிறதா? தினமும் இரட்டைக்கோடு நோட்டில் எழுத வைத்தேன். ஒருநாள் ஸ்கேலால் அடித்தும்விட்டேன். உன் வீசிங்குக்காக ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் என்னிடம் கேட்பார், நான் பதில் சொல்வேன், நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். கடைசியில் ஒரு புது டாக்டரம்மாதான் குனிந்து உன்னிடமே கேட்டார், "மருந்து குடிச்சா எப்படிடா இருக்கு?" என்று. "கை ஆடுது" என்றாய். சால்பியூட்டமால் சிரப் சிலருக்குக் கையை நடுங்க வைக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சிரப்பில் ஒரு ஸ்பூனுக்கு 2 மில்லிகிராம் மருந்து; இன்ஹேலரை ஒரு தடவை அழுத்தினால் 100 மைக்ரோகிராம்தான், அதுவும் நேரே நுரையீரலுக்குப் போகிறது. மாற்றியதும் நடுக்கம் நின்றது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உன்னை அடித்திருக்கிறேன். இன்னும் எனக்கு அது ஆறவில்லை, பாப்பா.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 விதிப்படி 7 வயதிலிருந்து 12 வரை வாய்மொழியாகவும், அதற்கு மேல் 18 வரை எழுத்திலும் பிள்ளையின் இசைவை வாங்கவேண்டும் என்று நீதான் சொன்னாய். வேண்டியதுதான். ஆனால் அது சோறு வடித்த பிறகு "சாப்பிட வர்றியா" என்று கேட்பது. உலை வைக்கும்போதே அவர்கள் அடுப்படியில் இருக்கவேண்டும் என்கிறேன். பெரியவர்கள் நடத்தும் வேலையில் பிள்ளைகளுக்கு எவ்வளவு பங்கு என்று காட்ட 1992-இல் ரோஜர் ஹார்ட் எழுதிய எட்டுப் படி ஏணியைப் பற்றியும் நீ சொன்னாயே, அதில் இரண்டாவது படி அலங்காரம். அந்தப் படி எனக்கு நன்றாகத் தெரியும். விழாவுக்கு அதிகாரி வரும்வரை பன்னீர்ச் செம்போடு பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்தவர்கள்தானே நாங்கள். நீ ஆறாவது படிக்காவது போ: தொடங்குவது பெரியவர்கள், முடிவெடுப்பது பிள்ளைகளோடு சேர்ந்து.

ஊருக்கு வரும்போது முதல் தடவை கேள்வித்தாளைக் கொண்டுவராதே. ஏழெட்டுப் பிள்ளைகளோடு நம் திண்ணையில் உட்கார். பள்ளிக்கூடம் வேண்டாம், வாசலில் டீச்சர் நின்றால் "ஆமா டீச்சர்" தவிர வேறு பேச்சு வராது. ஊர்ப் படம் வரையச் சொல்லி, எங்கெங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே சிவப்புப் பொட்டு வைக்கச் சொல். செங்கல் சூளை, கதிரடிக்கிற களம் எல்லாம் வரும். நமக்குத் தெரியாத இடமும் வரும். சாயங்காலம் என்றால் பெண்பிள்ளைகள் குடத்தோடு குழாயடிக்குப் போய்விடுவார்கள், ஞாயிறு காலையில் வை. பஸ் காசுக்கும் டிபனுக்கும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்.

இன்னொன்று, வீசிங் உள்ளவர்களை மட்டும் கூட்டாதே. நாளைக்கு வரன் தட்டிப்போகும் என்று மகளின் இன்ஹேலரைப் புத்தகப் பைக்கு அடியில் ஒளித்துவைக்கும் அம்மாக்கள் இங்கே உண்டு. கலந்து உட்கார்ந்தால் யார் மேலும் முத்திரை விழாது.

நான் வாசித்ததையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு பையன், "கடைசியில என்ன கண்டுபிடிச்சீங்கன்னு எங்ககிட்ட வந்து சொல்வீங்களா?" என்றான். என் சர்வீஸில் எத்தனையோ குழுவினர் வந்து உயரம், எடை எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். முடிவைச் சொல்ல ஒருவரும் திரும்பி வரவில்லை. அதனால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். புதன்கிழமை கணக்குப் போட வருவான். அதற்குள் எழுது.

அன்புடன்,
அம்மா