எந்த அப்பாவி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் 'டாட்டர்ஸ் ஆஃப் டார்க்னஸ்' (1971) என்ற ரத்தக் காட்டேரிப் படத்தைப் பற்றி வந்த கட்டுரையில், 'அப்பாவிப் புதுமாப்பிள்ளையை மயக்கிக் குடும்பத்தைக் குலைக்கும் மோகினிப் பிசாசு' என்று ஒரு வரி. மூன்று முறை படித்தேன். அச்சுப்பிழையாக இருந்துவிடக்கூடாதா என்ற ஆசைதான்.

எந்த அப்பாவி? பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் கொலையுண்ட பெண்ணின் பிணத்தைப் பார்க்கத் துடிக்கிறானே, தடுத்த மனைவியைக் கூடத் தள்ளிவிட்டு, அந்த ஸ்டெஃபானா? நீங்கள் மோகினி என்கிற அந்தக் காட்டேரி, பாத்தரி சீமாட்டி, பழைய சித்திரவதைகளை வருணிக்க வருணிக்கக் கிறங்கிப்போகிறவனா? தேனிலவில் புதுப்பெண்ணைப் பெல்ட்டால் விளாசுகிறவனா? சீமாட்டி அந்தக் குடும்பத்தைக் குலைக்கவில்லை ஐயா. அது குலைந்தேதான் ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தது.

1990களில் எங்கள் ஊர்த் திரைப்படக் கழகத்தில் இந்தப் படத்தை வீடியோ கேசட்டில் போட்டார்கள். பெண்கள் நாங்கள் மூன்று பேர். பெண்ணும் பெண்ணும் நெருங்கி நின்றாலே பொறுப்பாளர் பதறிப்போய் நாடாவை வேகமாக ஓட்டினார். பெல்ட் காட்சி வந்தது. அது மட்டும் முழுதாக, நிதானமாக ஓடியது. எங்கள் கண்ணியத்தைக் காப்பாற்றிய திருப்தி அவர் முகத்தில் இருந்தது. உங்கள் கட்டுரையாளரும் அப்படியொரு பிரதியைத்தான் பார்த்திருப்பார் போலும்.

மோகினி என்ற சொல்லும் பொருந்தவில்லை. நம் மோகினி புளியமரத்தடியில் காத்திருப்பாள். டெல்ஃபின் செய்ரிக் நடித்த சீமாட்டியோ பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட் கடற்கரையில், குளிர்காலத்து வெறிச்சோடிய ஹோட்டலில், வரவேற்பாளரிடம் புன்னகைத்து அறை கேட்கிறாள். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, தான் எடுபிடிப் பையனாக இருந்தபோதும் இதே முகத்தைப் பார்த்ததாக அவர் திகைக்கிறார். அது என் தாயாராக இருக்கலாம் என்கிறாள். கோரைப்பல் தேவையில்லை, அந்தக் குரல் போதும். ஆலன் ரெனேயின் 'லாஸ்ட் இயர் அட் மரியன்பாத்' என்ற கலைப்படத்தில் நடித்தவரை ரத்தக் காட்டேரியாக்கத் துணிந்த இயக்குநர் ஹாரி க்யூமெலின் பெயராவது கட்டுரையில் இருந்ததா? இல்லை.

கட்டுரைக்குப் பக்கத்தில் போட்டிருந்த புகைப்படமும் இந்தப் படத்திலுள்ளதல்ல. அது 1983இல் வந்த 'தி ஹங்கர்' படத்தின் நடிகை காதரின் தெனவ். இருவருக்கும் பொன்னிறக் கூந்தல், உங்களுக்கு அது போதுமாயிருந்திருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, பெண் காட்டேரிகளெல்லாம் டிராகுலாவின் பேத்திகள் என்று எழுதியிருந்தீர்கள். லெ ஃபானு எழுதிய பெண் காட்டேரிக் கதை 'கார்மில்லா' வந்தது 1872இல், டிராகுலா நாவல் 1897இல். பேத்தி பாட்டனுக்கு இருபத்தைந்து ஆண்டு மூத்தவளா என்று கேட்டு இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். 'கட்டுரை அருமை' என்ற என் முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். அது மரியாதைக்கு எழுதியது.

இவ்வளவு படித்தவர்கள் நடத்தும் பத்திரிகைக்கு நான் சொல்லித்தரவேண்டியது ஏதுமில்லை. புகைப்படத்துக்கு மட்டும் அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். இக்கடிதத்துக்கு இடம் போதாதென்றால் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். பெல்ட் வருகிற வரிகளை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
பத்தொன்பது ஆண்டுகாலச் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற ஆசிரியை, கோயம்புத்தூர்.