மகளுக்கு அம்மா எழுதுவது

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நல்ல சுகம். நீ, மாப்பிள்ளை, பாப்பா மூன்று பேருக்காகவும் இரவு ஜெபத்தில் பேர் சொல்லிக் கேட்கிறோம். போன் போட்டால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். "அவ படுத்திருக்கா அத்தை" என்கிறார். சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன படுக்கை என்று மனதுக்குள் நினைத்துக்கொள்கிறேன். சரி, கைப்பிள்ளை வைத்திருப்பவளுக்குக் கண் சொருகும்போது தூங்கினால்தான் உண்டு. குறையாகச் சொல்லவில்லை.

பிள்ளைக்குத் தொப்பி போடு. சென்னையில் ஏது பனி என்பாய். தைப் பனி எல்லா ஊரிலும்தான் பெய்கிறது. காதை மூடாமல் வெளியே தூக்கிக்கொண்டு போகாதே.

கவுன் தைத்து முடித்துவிட்டேன். 1986-இல் நான் கட்டிய கல்யாணச் சேலையின் முந்தியை வெட்டித்தான் தைத்தேன். ஓரம் கொஞ்சம் மஞ்சளித்திருந்தது, நடுவில் வெள்ளை அப்படியே இருக்கிறது. ஐந்து மாத அளவுக்கு வெட்டினேன், இப்போது எட்டு நடக்கிறது. பக்கவாட்டில் இரண்டு விரல் துணி மடித்து விட்டிருக்கிறேன், பிரித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் பிரிக்கத் துணி கிடையாது. நான் வேறு எதுவும் கேட்கவில்லை. அங்கே எந்த ஆலயத்துக்குப் போகிறீர்கள் என்றும் கேட்கவில்லை. அளவைத்தான் சொல்கிறேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. எழுத இன்னும் நிறைய இருந்தது. பேனாவை எடுத்தால் ஒன்றும் நிற்கமாட்டேன் என்கிறது.

கிறிஸ்துமஸ் அன்று விடியற்கால ஆராதனையில், திருவிருந்துக்கு நம் வரிசை எழுந்தபோது நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாய். எல்லாரும் பார்த்தார்கள். வாசலில் கை கொடுக்கும்போது சபை ஐயர் கேட்டார். பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனாள் என்று சொன்னேன். திருவிருந்து எடுத்த வாய் காய்வதற்குள் பொய் சொன்னேன். வேதாகமத் தேர்வில் சேகரத்திலேயே முதல் மார்க் வாங்கியவள் நீ. பத்து வயதில் 1 கொரிந்தியர் 13-ஐப் புத்தகம் பார்க்காமல் ஒப்பித்தாய், நான் பின்வரிசையில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பிள்ளை வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

அப்புறம் ஜங்ஷனில், நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்பும் நேரத்தில், பெட்டி வாசலில் நின்றுகொண்டு கேட்டாய். "அம்மா, ஆச்சி இப்ப எங்க இருக்கா?"

வண்டி நகருது, உள்ளே போ என்றேன். ஐந்து வாரமாகிவிட்டது. அதற்குப் பதில் எழுதத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன்.

நீ காலேஜில் படிக்கும்போதே இதைக் கேட்டிருக்கிறாய். அறுபது எழுபது வருஷம் வாழ்ந்தவன் செய்த தப்புக்கு முடிவே இல்லாத தண்டனை என்றால் அது எந்த ஊர் நியாயம் என்று. குயவனைப் பார்த்து மண்பானை கேள்வி கேட்குமா என்று அப்பா சத்தம் போட்டார். நான் உன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்து, சாப்பிடு என்றேன். கேள்வி அதோடு போய்விட்டது என்று நினைத்தோம். எங்களிடம் கேட்பதைத்தான் நீ விட்டிருக்கிறாய்.

இந்த ஐந்து வாரமும் வேதாகமத்தையும் அப்பாவின் விளக்கவுரைப் புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே தேடினேன். இயேசு சுவாமி நரகம் என்று சொல்லுமிடத்தில் மூலத்தில் இருக்கும் சொல் கெகென்னா. எருசலேமுக்குத் தெற்கே இருக்கிற இன்னோம் பள்ளத்தாக்கின் பேர் அது. அங்கேதான் ஆகாஸ் ராஜாவும் மனாசே ராஜாவும் தங்கள் பிள்ளைகளையே தீயில் போட்டார்கள். எரேமியா 7:31-ஐ எடுத்துப் பார். அதை நான் கட்டளையிடவும் இல்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை என்கிறார் ஆண்டவர். பெற்றவர்கள் பிள்ளையை நெருப்பில் போடுவது தம் நினைப்பிலேயே வராத காரியம் என்றவர், அதே பள்ளத்தாக்கின் பேர் கொண்ட நெருப்பில் தம்முடைய பிள்ளைகளைத் தாமே போட்டு, அணையாமலும் பார்த்துக்கொள்வாரா? எத்தனை தடவை எரேமியாவை முதலிலிருந்து கடைசி வரை வாசித்திருக்கிறேன். அந்த வசனத்தை ஒரு தடவைகூட நின்று பார்க்கவில்லை.

பழைய ஏற்பாட்டில் அந்த நரகமே இல்லை, பாதாளம்தான். நல்லவனும் கெட்டவனும் போய்ச் சேருகிற இடம். யோசேப்பு செத்துவிட்டான் என்று நினைத்து யாக்கோபு அழும்போது, என் மகனிடத்துக்கு நானும் பாதாளத்தில் இறங்குவேன் என்கிறார். பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே போக வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

அடக்க ஆராதனையில் வாசிப்பார்களே, அவர்களுடைய கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார் என்று. எனக்கு இருக்கிற ஒரே நம்பிக்கை அதுதான். ஆனால் என் கண்ணீரைத் துடைக்க வேண்டுமானால் என் அம்மாவைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும். அவள் நெருப்பில் கிடக்க நான் மட்டும் அங்கே பாடிக்கொண்டிருக்க முடியுமா? முடிய வேண்டும் என்றால், எனக்கு அம்மா என்று ஒருத்தி இருந்ததையே மறக்கடிக்க வேண்டும். அப்படி மறந்துபோய்ச் சந்தோஷமாக இருக்கிறவள் வேறு யாரோ, நான் இல்லை. தாமஸ் அக்குவினாஸ் எவ்வளவு பெரிய மகான். பரலோகத்தில் இருப்பவர்கள் நரகத்து வேதனையைக் கண்ணால் பார்ப்பார்கள், அதனால் அவர்களுடைய பாக்கியம் இன்னும் இனிக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்து இனிக்கிற மனசைக் கர்த்தர் எனக்குத் தரவே வேண்டாம்.

மணப்பாட்டில் கடலோரக் குகைக்குப் போனோமே, சவேரியார் ஜெபம் பண்ணின இடம் என்று காட்டினார்களே. நம் கடற்கரையில் 1542-இல் வந்து இறங்கியவர், 1549-இல் ஜப்பானுக்குப் போனார். அங்கிருந்து திரும்பி 1552-இல் கொச்சியிலிருந்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அடுத்த தெரு ஆர்.சி. டீச்சர் வீட்டில் ஒரு புத்தகத்தில் வாசித்தேன். ஜப்பானில் கிறிஸ்தவர்கள் ஆனவர்கள், செத்துப்போன எங்கள் அப்பா அம்மாவை நரகத்திலிருந்து எடுக்க வழியே இல்லையா என்று கேட்டார்களாம். இல்லை என்று சொல்லியிருக்கிறார். அழுது தீரவில்லையாம் அவர்களுக்கு. இத்தனை அன்பான சிநேகிதர்கள் இப்படி அழுவதைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது என்று அவரும் எழுதியிருக்கிறார்.

புத்தகத்தை மூடிவிட்டு வந்துவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் ஸ்டேஷனில் கேட்டாய்.

நீ அன்றைக்கு தம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாய். பன்னிரண்டு வயது. பார்த்தாயா இல்லையா என்று இருபத்தைந்து வருஷமாக உன்னிடம் கேட்டதில்லை. பார்த்தாய். எனக்குத் தெரியும்.

2001. ஆச்சி முன் அறையில் கிடந்தாள். சாப்பாடு இறங்கவில்லை, கஞ்சித் தண்ணீர்தான். நான் ஒரு ஊழியக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் கட்டில் பக்கத்தில் நின்று அக்கினிக் கடலைப் பற்றிப் பேசினார், அந்த நிலைமையில் கிடந்தவளிடம். நான் தலையைக் குனிந்து ஆமென் சொன்னேன். அவர் போன பிறகு ஆச்சி என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, நீ சொல்லுத இடத்துல உங்க அப்பா இருக்காகளா?" என்று கேட்டாள். இல்லைம்மா என்றேன். "அப்பம் எனக்கு எதுக்குட்டி அது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கு ராத்திரி அவள் தலையணைக்கு அடியில் இருந்த சம்புடத்தை எடுத்தேன். திருச்செந்தூர்ப் பன்னீர் இலைத் திருநீற்றைப் போட்டு வைத்திருப்பாளே, அந்தப் பித்தளைச் சம்புடம். பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அப்புறம் மூன்று நாள் அவள் இருந்தாள். மூன்று ராத்திரியும் அவள் கை தலையணைக்கு அடியில் தடவிக்கொண்டே இருந்தது. எங்கே வைத்தாய் என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அது எதுக்கும்மா, இயேசப்பான்னு சொல்லுங்க என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கை மட்டும் தேடிக்கொண்டிருந்தது.

மாமா வந்து ஊருக்குக் கொண்டுபோகும்போது, நெற்றியில் பூச அம்மாவின் சம்புடம் எங்கே என்று கேட்டான். தெரியாது என்றேன். பக்கத்து வீட்டில் திருநீறு வாங்கிவந்து பூசினான்.

அம்மா நரகத்துக்குப் போய்விடக்கூடாது என்றுதான் செய்தேன் என்று இத்தனை வருஷமும் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். அதில் பாதி உண்மைதான். நான் ஞானஸ்நானம் எடுத்து இந்தக் குடும்பத்துக்குள் வந்தவள். "அவ அம்மா இன்னும் மனந்திரும்பலையே" என்று பெண்கள் சங்கத்தில் என் அம்மாவை ஜெபக்குறிப்பாக வைப்பார்கள். வாராவாரம் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் வீட்டுக் கட்டிலில் என் அம்மா திருநீற்றோடு சாகக்கூடாது என்று எனக்கு இருந்தது. யார் என்ன சொல்வார்களோ என்று. இதை நான் ஜெபத்தில்கூட இப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஆச்சி யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். நான் ஸ்கூலுக்குப் போனால் உன்னை வளர்த்தவள் அவள். 1992 வெள்ளத்தில் பள்ளிக்கூடத்தில் வந்து ஒதுங்கியவர்களுக்கு அண்டா அண்டாவாகக் கஞ்சி காய்ச்சினாளே. நம் சபை அசன விருந்துக்கு வருஷா வருஷம் வந்து, பந்தலுக்கு வெளியே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுப் போவாள். மத்தேயு 25-இல் ஆண்டவர் ஜனங்களை இரண்டு பக்கமாகப் பிரிக்கும்போது சொல்வதெல்லாம் பசியும் தாகமும் வஸ்திரமும் வியாதியும் காவலும்தான். யாரை விசுவாசித்தாய் என்று அந்த இடத்தில் ஒரு கேள்வி இல்லை. வலது பக்கம் நிற்பவர்களுக்கே, உமக்கு எப்போது இதைச் செய்தோம் என்று தெரியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில், எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நரகத்தில் இல்லை. அதை இனிமேல் யாருக்கு முன்னாலும் சொல்வேன், அப்பாவுக்கு முன்னாலும். ஞாயிற்றுக்கிழமை விசுவாசப் பிரமாணத்தில் "பாதாளத்தில் இறங்கினார்" என்று வரும்போது எனக்கு வாய் நின்றுவிடுகிறது. சும்மாவா அவ்வளவு தூரம் இறங்கிப் போனார், அங்கே இருப்பவர்களைப் பார்க்கத்தானே போயிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். அதற்குள் சபை அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

பாப்பா விஷயம். இனி அளவு, துணி என்று சொல்ல வேண்டாம், நேராகவே எழுதிவிடுகிறேன். எட்டு மாதமாகியும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லையே என்று எனக்குத் தூக்கமில்லை. ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிகவும் லேசானது என்று ஆதிச் சபைப் பிதா அகுஸ்தீன் எழுதினார். அப்புறம் வந்தவர்களுக்கு அதுவும் மனசு கேட்காமல், வேதனை இல்லாத ஒரு ஓரத்தை அந்தப் பிள்ளைகளுக்காக ஒதுக்கினார்கள். கடைசியில் 2007-இல் ஆர்.சி. சபையின் இறையியல் குழுவே, அந்தப் பிள்ளைகள் இரட்சிக்கப்படுவார்கள் என்று நம்ப இடமிருக்கிறது என்று சொன்னது. அதைச் சொல்ல ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதற்குள் எத்தனை தாய்மார் மண்ணைப் போட்டு மூடிவிட்டு அதை நினைத்தே செத்திருப்பார்கள்.

அதனால் பயந்து கொடுக்காதே. நான் கேட்கிறேன் என்றும் கொடுக்காதே. ஆனால் எனக்கு ஆசை இருக்கிறது, அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஐயர் கையில் அந்தக் கவுனோடு பாப்பாவைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பகலில் அது ஆசையாகத்தான் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் அது ஆசையா பயமா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. பால் கொடுக்கிறவள் காலையில் வெறும் காப்பியோடு இருக்கக்கூடாது.

17-ஆம் தேதி நெல்லையில் டிக்கெட் போட்டிருக்கிறேன். நான் மட்டும்தான் வருகிறேன். கவுனைக் கொண்டு வருகிறேன். சம்புடத்தையும் கொண்டு வருகிறேன். முந்தாநாள்தான் திறந்தேன். இலை பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கிறது, திருநீறு அப்படியே இருக்கிறது. மாமாவிடம் கொடுக்க வேண்டியது. எந்த முகத்தோடு போய்க் கொடுப்பது என்று தெரியவில்லை. நீ கூட வந்தால் போவேன்.

தாம்பரத்தில் வண்டி விடிந்தும் விடியாமலும் வரும். மாப்பிள்ளை வந்தால் போதும், நீ பனியில் அலைய வேண்டாம். வருவதாக இருந்தால் பிள்ளைக்குத் தொப்பி போட்டுக் கூட்டி வா.

அம்மா