‘போதும்’ என்றால் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளைக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டில் தங்கவைக்க முன்வருவோருக்காக இதை எழுதுகிறோம். ரோட்டரி போன்ற திட்டங்களில் வருபவர்களுக்கு 15 முதல் 19 வயது இருக்கும். ஓராண்டுக்குள் இரண்டு மூன்று வீடு மாறுவார்கள். தங்கவைக்கும் குடும்பத்துக்குப் பணம் கிடையாது. நம் ஊரில் மனசுக்குக் குறைவில்லை. சிக்கல் பெரும்பாலும் உபசரிப்பில்தான் வருகிறது.

ஆச்சி ‘இன்னும் ஒண்ணு’ என்று பணியாரத்தை வைக்க, வேண்டாம் என்றால் மரியாதைக் குறைவோ என்று பயந்து பிள்ளை சாப்பிட்டுவிடும். மூன்றாம் நாள் வயிறு கெட்டுவிடும். அதனால் முதல் நாளே ‘போதும்’ என்ற சொல்லைக் கற்றுக்கொடுங்கள். அதைவிட முக்கியம், சொன்னவுடன் கரண்டியை எடுத்துவிடுவது.

முதல் வாரம் இடியாப்பம் தேங்காய்ப்பால், பருப்பும் நெய்யும் போட்ட சோறு, தயிர் சாதம், காரச் சட்னி இல்லாமல் வெள்ளைப் பணியாரம். அடுத்த வாரம் சாம்பார். பிறகு குழம்பு ஒரு கரண்டி. கோழி வறுவலுக்கு ஒரு மாதம் பொறுக்கலாம். நாக்கு எரிந்தால் தண்ணீர் உதவாது, காரச் சத்து தண்ணீரில் கரையாது; தயிரோ பாலோ கொடுங்கள். பாவம் என்று தினமும் ரொட்டியும் நூடுல்ஸும் வாங்கித் தந்தால் ஆறு மாதமானாலும் நம் சாப்பாடு பழகாது.

குடிநீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆன பிறகே இறக்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் அந்தத் தண்ணீர் ஆறியதும் ஒரு லிட்டருக்குத் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து அடிக்கடி கொடுங்கள். காய்ச்சலோ ரத்தமோ கண்டால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

ஒவ்வாமை பற்றி வருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேர்க்கடலை ஆகாத பிள்ளைக்குச் செக்குக் கடலை எண்ணெயும் ஆகாது. சுத்திகரிக்காத எண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும். முறுக்கு, சீடை எல்லாவற்றிலும் அந்த எண்ணெய் இருக்கலாம் என்பது நமக்கே நினைவில் வராது.

நம் செட்டிநாட்டு வீடுகளில் வளவை (நடு முற்றத்தை) சுற்றியுள்ள அறைகள் சாமான் வைக்கத்தான். ஆட்கள் புழங்குவது வளவிலும் பட்டாலை என்னும் கூடத்திலும். வரும் பிள்ளைக்கோ அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் இருப்பது இயல்பு. அது கோபமில்லை. உள்தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையை ஒழித்துக் கொடுங்கள், தட்டிவிட்டு உள்ளே போங்கள். குளியலறையில் வாளி, குவளை, கழுவும் குழாய் எல்லாவற்றையும் வெட்கப்படாமல் காட்டிவிட வேண்டும். பெண்பிள்ளைக்கு நாப்கினை எங்கே போடுவது என்பதை வீட்டுப் பெண்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், ஜப்பானில் 100, நமக்கு 230. செல்போன் சார்ஜர் பெரும்பாலும் தாங்கும். அங்கிருந்து கொண்டுவரும் தலைமுடி உலர்த்தி புகைந்துவிடும். ‘100-240’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்தே செருகுங்கள்.

பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். இடியாப்பம் பிழியட்டும், மாலையில் விளக்கேற்றட்டும். சும்மா உட்காரவைத்தால்தான் ஊர் ஞாபகம் வாட்டும். ஆண்ட்டி, அங்கிள் வேண்டாம். அப்பத்தா, ஐயா, அண்ணன் என்றே கூப்பிடப் பழக்குங்கள். ஸ்கூட்டர் சாவியை மட்டும் எவ்வளவு கேட்டாலும் கொடுக்காதீர்கள். வண்டி ஓட்டுவதை ரோட்டரி விதி தடுக்கிறது. பின்னால் உட்கார்ந்தாலும் ஹெல்மெட் வேண்டும்.

பலர் கோட்டை விடுவது பதிவில். வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் தங்கவைப்பவர் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். ‘சி ஃபாரம்’ என்று நாம் சொல்வது இதைத்தான். விடுதிகளுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள், வீடுகளுக்கும் உண்டு. அதற்கான கணக்குக்கு ஒப்புதல் வர நாளாகலாம் என்பதால், பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். வீடு மாறும்போது அடுத்த குடும்பமும் தனியாகப் பதிய வேண்டும். அப்போது பெட்டியோடு ஒரு தாளும் போகட்டும்: எது சாப்பிடும், எது ஆகாது, என்ன மருந்து, பெற்றோரிடம் எந்தக் கிழமை பேசும், பயந்தால் யாரைத் தேடும்.

இப்படிக்கு,
வாசகர்கள்,
காரைக்குடி